அப்பன் படத்தின் கடைசி ரீல்

சினிமா எடுத்தவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எடுத்து முடித்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த சினிமாவைத் தன்னந்தனியாகத் திருத்தியவர் ஒருவர்தான். உத்தமபாளையத்தில் அவரைக் கார்பன் என்பார்கள். சொந்தப் பெயர் என்னவென்று சம்பளம் கொடுத்த முதலாளிக்கே தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊருக்கு வெளியே ராவுத்தர் ஒருவர் டூரிங் டாக்கீஸ் நடத்தினார். நான் அங்கே டிக்கெட் கொடுப்பவன். கார்பன் மிஷின் ஆபரேட்டர். மிஷினுக்குள் வெளிச்சம் வர, எண்ணெய் என்ஜின் தரும் கரண்டில் இரண்டு கார்பன் குச்சிகள் எரிய வேண்டும். எரிந்து குட்டையான குச்சியை, தச்சர் பென்சில் செருகுவதுபோலக் காதில் செருகிக்கொள்வார். குளிக்கும்போதும் அது காதிலேயே இருக்கும் என்று ஊரில் பேச்சு. நான் பார்த்திருக்கிறேன், இருக்கும்.

மனுஷர் படத்தோடு பேசுவார். ஆடி மாதத்துக் காற்றில் திரை படபடவென்று அடித்து, கதாநாயகியின் முகம் எட்டாக மடியும். மிஷின் அறையிலிருந்து குரல் வரும். "புடிச்சு நில்லு ஆத்தா, காத்து அடங்கட்டும்." மணல் குவித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் அதற்குத் தலையாட்டுவார்கள்.

வில்லன்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வில்லன் வந்ததும் குச்சிகளை விலக்கி வெளிச்சத்தைக் குறைத்துவிடுவார். ஒரு வில்லன் மூன்று பாட்டுப் பாடினான். அவனுக்கு மீசை உண்டா இல்லையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

"என்னய்யா, அவன் வந்தா மட்டும் கொட்டகையே இருண்டு போகுது?" என்று முதலாளி கேட்டார்.

"எண்ணெய் விக்கிற வெலையில அந்தப் பயலுக்கு இந்த வெளிச்சமே அதிகம் முதலாளி."

முதலாளிக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. போய்விட்டார்.

இப்படியெல்லாம் சிரிக்கவைத்த மனுஷருக்குப் பேச ஆள் கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். அவர் கொட்டகையிலேயே கிடப்பார். திரும்பி வந்து பார்த்தால் மிஷின் பளபளவென்று இருக்கும். நான் கொண்டுவந்த அதிரசத்தை வாங்கி வைத்துக்கொள்வாரே தவிர, எதிரில் தின்னமாட்டார்.

"அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வடுகபட்டி. பொண்டாட்டி, ரெண்டு பயலுக."

"போய்ப் பாக்குறதில்லையா?"

கொஞ்ச நேரம் மிஷினைத் துடைத்தார். "பேசாத படம் ஓடுன காலம் தம்பி. பெரியகுளத்துக்கு ஒரு கம்பெனி மிஷினோட வந்துச்சு. பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்புனேன். கம்பெனி திண்டுக்கல்லுக்குப் போச்சு, நானும் போனேன். அங்கனருந்து திருச்சிக்குப் போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்ப? அவ செத்த சேதியே எனக்கு மறு வருசந்தான் தெரியும். பயலுகள மாமங்காரரு வளத்துட்டாக."

எங்கள் ஊர்ச் சந்தைக்கு வடுகபட்டியிலிருந்து பூண்டு வியாபாரி ஒருவர் வருவார். அவரிடம் மகன்களுக்கு வாய்ச் சேதி சொல்லி அனுப்புவார் கார்பன். "சொல்லிட்டேன்" என்பார் வியாபாரி. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகச் சந்தை நாளெல்லாம் தலைசீவிக்கொண்டு நிற்பார்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, ஊரில் எல்லாரும் 'அப்பன் படம்' என்றார்கள். அண்ணன் தம்பி இருவர். சின்ன வயதில் அப்பன் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். கிழவனாகித் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். மூத்தவன் உள்ளே தாழ் போட்டுவிடுகிறான். மழை கொட்டுகிறது. இளையவன் மனம் கேட்காமல் ஓடிவந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அதோடு ஒரு ரீல் முடியும். கடைசி ரீலில் கதவு திறந்தால் அப்பன் வாசலில் செத்துக் கிடப்பான். மிச்சமெல்லாம் ஒப்பாரி.

படப்பெட்டி வந்த அன்று கார்பன் தனியாக அதை ஓட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஊருக்குக் காட்டினார். இளையவன் தாழ்ப்பாளில் கை வைத்தான். உடனே திரையில் 'சுபம்' என்று கோணல்மாணலாக எழுத்து விழுந்தது. கண்ணாடித் துண்டில் விளக்குப் புகை படியவிட்டு, காதிலிருந்த குச்சியால் கீறி, மிஷின் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்த சுபம் அது. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். எண்ணெய் மிச்சமானதால் முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி ரீல் இருந்த தகர டப்பாவைக் கார்பன் தலைக்கு வைத்துப் படுத்தார்.

அந்த வாரச் சந்தையில் பூண்டு வியாபாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் படத்த மட்டும் வந்து பாக்கச் சொல்லுங்க. என்னையப் பாக்க வேணாம், படத்தப் பாத்தாப் போதும்." அடுத்த சந்தையில் பதில் வந்தது. "சனிக்கிழம வாராகளாம்." கார்பன் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் காசில் டீ குடித்தவர் எவரும் இல்லை.

வினை ஒரு நிச்சயதார்த்த வீட்டில் கிளம்பியது. பெண் எங்கள் ஊர், மாப்பிள்ளை கம்பம். அந்தப் படம் எங்களுக்கு முன்னாலேயே கம்பத்தில் ஓடியிருந்தது. பந்தியில் பேச்சு படத்துக்குத் திரும்பியது.

"பாவம், அந்த அப்பன் வாசல்லயே செத்துப் போனாரு" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"யாரு செத்தது? அதான் மகன் கதவத் தொறந்துட்டான்ல" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"தொறந்தப்பப் பொணமால்ல கெடந்தாரு."

"எங்க ஊர்ல நல்லாத்தான் இருக்காரு. உங்க ஊருக்கு வந்த எடத்துல என்ன செஞ்சீகளோ."

"படத்துலயே பாதிய மறைக்கிற ஊரு. பொண்ணு விசயத்துல எத மறைச்சீகளோ."

இலையில் சோறு கிடக்க, இரண்டு கட்சியும் கைகழுவாமல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. முதலாளி மிஷின் அறையைத் துழாவினார். தலையணையாக இருந்த டப்பா அகப்பட்டது. சனிக்கிழமை முழுப் படமும் காட்டப்படும் என்று அப்போதே தண்டோராவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

கார்பன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று கெஞ்சினார்.

"அன்னைக்கு மட்டும் வேணாம் முதலாளி. எம் பயலுக வாராய்ங்க. கதவத் தொறக்கிற வரைக்கும் அவய்ங்க பாத்தாப் போதும். அதுக்கு மேல பாத்தா, அப்பன்னா வாசல்லதான் சாவணும்போலன்னு நெனச்சுருவாய்ங்க."

முதலாளி வேறு பக்கம் பார்த்தார். "ஊரு பூரா சொல்லியாச்சு. நா என்னப்பா செய்ய?"

சனிக்கிழமை மத்தியானம் டிக்கெட் கூண்டின் முன்னால் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் புழுதி, கையில் தூக்குச்சட்டி.

"மிஷின் ஓட்டுறவரு இருக்காரா? நா வடுகபட்டி."

கூட்டிக்கொண்டு போனேன். கார்பன் அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தார்.

"தம்பி வரல. வரமாட்டேன்னுட்டான்" என்றார் வந்தவர்.

"பரவால்ல. நீ இருந்து படத்தப் பாத்துட்டுப் போ. நல்ல படம்." என்றார் கார்பன். "கடைசியில கதவத் தொறந்துருவாய்ங்க."

"பெரியகுளத்துல ஓடுனப்பவே ரெண்டு பேரும் பாத்துட்டோம். கடைசி வரைக்கும் பாத்தோம்."

கார்பன் படப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எந்த ரீலை மறைத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று இருந்தாரோ, அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவன் வந்து நிற்கிறான்.

"அந்த ஆளு வாசல்ல கெடந்ததப் பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமில்ல. நீங்க எங்கன படுக்கிறீக, என்ன திங்கிறீக, ஒண்ணும் தெரியாது. ஆத்தா கெடந்து பட்டதுக்கு எனக்குக் கோவம் இன்னும் போகல. போகும்னும் சொல்லமாட்டேன்." மகன் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "சாப்டீகளா அய்யா?"

கார்பன் இல்லையென்று தலையாட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் கார்பனே அந்தக் கடைசி ரீலை ஓட்டினார். மகன் பக்கத்தில் நின்றார். கம்பத்துக்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் கலைந்தார்கள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் தகப்பனும் மகனும் போனார்கள். வீட்டில் தனியாகக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். சின்ன மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இதெல்லாம் பிற்பாடு பூண்டு வியாபாரி சொன்னது.

அன்று பஸ் கிளம்பியதும் நான் கொட்டகைக்குத் திரும்பினேன். மிஷின் அறை காலியாகக் கிடந்தது. ஒரு மனுஷர் தன் வீட்டுக்குப் போயிருக்கிறார், சந்தோஷப்பட வேண்டிய விஷயம். டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன்.