எழுநூறு டிகிரியில் நிறுத்துபவர்

பொய் சொல்கிறவர்களை விடுங்கள், அவர்கள் என்றாவது மாட்டிக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது, உண்மை வெளிவர ஒரு நிமிடம் இருக்கும்போது சோதனையை முடித்துவிடும் கனவான்களைப் பற்றி. இவர்கள் பொய்யே சொல்வதில்லை. அதற்கு அவசியமே வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் எரிபொருள் ஆய்வுக்கூடத் தலைவர். அணு உலையில் நான்கு வருடம் கிடந்த யுரேனிய வில்லையைத் தடித்த கண்ணாடிக்கு அப்பால் இயந்திரக் கையால் எடுத்து, சோதனை அடுப்பில் வைத்துச் சூடேற்றி, உலையில் குளிர்விக்கும் நீர் நின்றுபோனால் அது என்ன பாடுபடும் என்று எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. புது வில்லை சமர்த்தாகத் தாங்கும். பழையதின் உள்ளே வாயு அடைபட்டுக் கிடக்கும். சூடு ஏற ஏற அது வெளியேற வழி தேடி வில்லையையே பொடியாக்கிவிடும். தலைவருக்கு இது தெரியாதா? மணிக்கணக்கில் வகுப்பே எடுப்பார்.

அன்று பழைய வில்லை ஒன்றை வைத்து ஆயிரம் டிகிரி வரை போகவேண்டும். எழுநூற்றில் வாயு அளவியின் முள் அசைந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்மா, அணைச்சிடு."

அடுப்பைக் கவனிக்கும் பெண் அணைக்கவில்லை. "இப்பதான் சார் ஏற ஆரம்பிச்சிருக்கு. அங்க உலையில ஷிஃப்ட் பாக்கறது என் வீட்டுக்காரர்."

"அப்ப வில்லை உடையலைங்கறது உனக்கும் நல்ல சேதிதானே?"

அவரே எட்டி அணைத்தார். 'சோதித்த வெப்பம் வரை வில்லை உடையவில்லை' என்று அறிக்கை போயிற்று. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மேலிடத்தில் முதல் மூன்று சொற்களை யார் படிக்கிறார்கள்? பழைய எரிபொருள் இன்னும் ஒரு வருடம் உள்ளேயே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. தலைவருக்குப் பாராட்டுக் கடிதம். அந்தப் பெண் தினமும் கணவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பும் வரை கைபேசியைக் கீழே வைப்பதில்லை. வெட்கங்கெட்ட தலைவர், பாராட்டு வந்ததற்கு அவளிடமே இனிப்பு நீட்டினார்.

இவரை வீட்டில் பார்க்கவேண்டுமே. டாக்டர் இதயப் பரிசோதனைக்கு டிரெட்மில்லில் ஓடச் சொன்னால் நாலாவது நிமிடம் இறங்கிவிடுவார். மனைவி கேட்டால், ஓடின வரைக்கும் ஒன்றுமில்லை என்பார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதைப் படிக்கையில் உங்கள் மேலதிகாரி, மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்திருப்பீர்கள். அடுத்து யார் முகம் வரவேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டீர்கள், இல்லையா?