மூன்று புள்ளி விருந்தாளி

என் அண்ணன் கைலாசத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது 1978 ஆடி மாதம், தென்காசி பஸ் ஸ்டாண்டில். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுரண்டை பஸ்ஸில் ஏறினார். "அடுத்த சாரலுக்கு வாரேன்லே" என்றார். தலையாட்டினேன். வீட்டில் நான் வைத்திருந்த நோட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது.

குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்கள் வீட்டில் ஆள் விழும். அந்த வருஷம் சபதம் எடுத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவன். கோடு போட்டால் உலகம் அடங்கும் என்று நம்புகிறவன். நோட்டில் விருந்தாளிக்கு ஒரு வரி. சொல்லாமல் வந்தால் ஒரு புள்ளி. மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஒரு புள்ளி. கைவீசிக்கொண்டு வந்தால் ஒரு புள்ளி. மூன்றும் வாங்கியவருக்குச் சீசன் முடிந்ததும் ஒரு கார்டு: 'இனி வருவதானால் முன்கூட்டி எழுதிவிட்டு வரவும்.'

குறி என் மைத்துனன் நம்பிராஜன். மூன்று புள்ளியும் அவனுக்கென்றே பிறந்தவை. ஆனால் சட்டம் எல்லோருக்கும் பொது என்று மனைவி உலகம்மையிடம் அறிவித்தேன்.

"மூணும் சேந்து இருந்தாத்தான் கார்டா?"

"ஆமா."

"ரெண்டு இருந்தா?"

"ரெண்டெல்லாம் கணக்குல வராது."

"உங்க ஆளுன்னாலும் எங்க ஆளுன்னாலும்?"

"சட்டம்னா சட்டம்."

"சரி."

அவள் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஆவணி முதல் தேதி எண்ணினேன். மொத்தம் நாற்பத்தொரு வரி. சொல்லாமல் வந்தவர்கள் முப்பது பேர். அவர்களில் மூன்று நாளுக்கு மேல் தங்கியவர்கள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் கைவீசி வந்தவர் ஒரே ஒருவர். நம்பிராஜன் இல்லை. என் அண்ணன்.

"நம்பிராஜன் பதினோரு நாள் கிடந்தானே?"

"கிடந்தான். பழம் கொண்டாந்தான்லா. ஒரு சீப்புன்னு நீங்கதான் எழுதியிருக்கீய."

மறுபடி பார்த்தேன். அவள் ஆட்கள் பதினோரு பேரும் ஆளுக்கொரு சீப்பு நாட்டுப்பழம்.

"ஏட்டி, நம்ம கொல்லையில நின்ன வாழைத்தார் எங்க?"

"சீப்பு சீப்பாப் பின்வாசல் வழியாப் போயி, முன்வாசல் வழியா வந்துட்டு. எல்லாத்தையும் நீங்கதான் தின்னீய."

"அண்ணனுக்கும் ஒண்ணு குடுத்திருக்கலாம்லா?"

"உங்க அண்ணன் முன்னால நான் என்னைக்கு நின்னு பேசியிருக்கேன்? அவருக்கு நீங்கல்லா குடுத்திருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "விளையாட்டு போதும். நோட்டைக் கிழிச்சுப் போடுங்க. எழுதத் தெரிஞ்சா அவரு எழுதாமயா வருவாரு?"

கிழிக்கவில்லை. தோற்றவனுக்குச் சட்டம் ஒன்றுதான் மிச்சம். அன்றே கார்டைத் தபால் பெட்டியில் போட்டேன்.

மறு வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. நம்பிராஜன் சீப்போடு வந்தான். அண்ணன் வரவில்லை. புரட்டாசியில் தந்திதான் வந்தது.

போனேன். அவர் வீட்டு வாசல் நிலைக்கு மேலே என் கார்டு செருகியிருந்தது. யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அண்ணனுக்கு அவர் ஆயுசில் வந்த தபால் அது ஒன்றுதான் என்றார்கள்.

உலகம்மை போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கார்டு இப்போது என்னிடம் இருக்கிறது.