கம்பிக்கு இந்தப் பக்கம்

"ஜாம்பியாவா? அது எங்கே இருக்கு?"

"ஆப்பிரிக்காவுல, கீழ்ப்பக்கம். எல்லாரும் போற ஊருக்கே போனா என்ன பெருமை? ரெண்டு டிக்கெட் போட்டாச்சு" என்றாள் மனைவி, சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தபடி. "காட்டுக்குள்ளேயே போய்ச் சிங்கம் பார்க்கறதாம்!"

சிங்கக்காரருக்குப் புரை ஏறியது.

மிருகக்காட்சி சாலையில் பல வருஷமாகச் சிங்கத்துக்குக் கறி போடுகிறவர். சொந்தபந்தம் மொத்தமும் அவரைச் சிங்கக்காரர் என்றுதான் கூப்பிடும். கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான். ஆனால் அந்த வீரமெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கம். கம்பி இல்லையென்றால் பூனைக்கும் ஒதுங்கி வழிவிடுவார். அது வெளியே தெரிந்தால் நாற்காலி போச்சு.

"திறந்த ஜீப்பாமே? அது குலுக்கற குலுக்கல்ல உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று ஆரம்பித்தார்.

மனைவி யோசித்தாள். டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்க. ஜீப் வேண்டாம்னுட்டேன். நடந்தே போய்ப் பார்க்கலாமாம்!"

"நடந்தா?"

"துப்பாக்கியோட ஒருத்தர் கூட வருவாராம்."

ஒரே ஒருத்தர்! அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. காலையில் எழுந்ததும், "ஹோட்டல் ரூம்ல காத்தே வராதாம். உனக்கு மூச்சு முட்டுமே" என்றார்.

சாயங்காலமே ரூம் போய்க் கூடாரம் வந்தது. ஆற்றங்கரையில். நீர்யானை மேய வருகிற கரையில்.

இனி வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுகட்டி, நேரே டிராவல்ஸ்காரரிடம் போனார்.

"எங்க வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் பயங்காட்டி வைங்க. கூடாரத்து வாசல்லயே சிங்கம் வந்து உறுமும்னு சொல்லுங்க."

டிராவல்ஸ்காரர் சொன்னார். மனைவி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, பயணத்தில் இன்னும் ரெண்டு நாள் கூட்டிவிட்டாள்.

வேறு வழியில்லை. மாடிப்படியில் உருண்டதாகச் சொல்லி, முழங்கால் வரை கட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார்.

மனைவி பதறி ஓடிவந்தாள். "அடுத்த வாரம் பயணத்தை வச்சுக்கிட்டு இப்பவா விழணும்! கொஞ்ச நேரம்கூட நிக்க முடியாதா?"

"கால் ஊனவே முடியல. உன் ஆசையில மண்ணு விழுந்துடுச்சேன்னு நினைச்சாத்தான்..." தொண்டையைக் கமறவைத்தார்.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சிங்கக்காரர் மனசுக்குள் விசிலடித்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் அக்கா உள்ளே வந்தாள். தலையில் புத்தம்புது வெயில் தொப்பி. கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது! நாம ரெண்டு பேரும் ஜாம்பியா போயிட்டு வர்ற வரைக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து மாப்பிள்ளைதான் சமைச்சுப் போடுவார்னு சொன்னே, அவரால அடுப்புகிட்ட நிக்கக்கூட முடியாது போலிருக்கே?"