வளைந்த இரும்பின் விளக்கவுரை

அர்த்தம் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மேகம் கறுத்தால் கொடியில் காயும் துணியை எடுக்க மாட்டார். கறுப்பு எதைக் குறிக்கிறது என்று நனைந்தபடியே சொல்வார்.

எங்கள் ஊர்க்காரர் ஓய்வுபெற்ற நில அளவையர். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், ‘விளக்கவுரை’ என்பதே நிலைத்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நகராட்சி ஒரு நாள் இரும்புச் சிலை ஒன்றைக் கொண்டுவந்து நட்டது. நாலு முழ நீளம், முழங்கால் உயரத்தில் ஒரு பள்ளம், பின்னால் ஒரு மேடு. பெயர்ப்பலகை இல்லை. போதாதா?

மறுநாள் மாலையே விளக்கவுரை ஆஜர். மேடு மனிதனின் ஆசை, பள்ளம் அவனுடைய ஏமாற்றம் என்றார். வாரத்துக்குள் பள்ளம் ‘காலம்’ ஆகி, மாதத்துக்குள் ‘பிரபஞ்சம்’ ஆகி, அதற்குமேல் பெரிதாக எதுவும் கிடைக்காததால் அங்கேயே நின்றது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டாவிட்டால் முதலிலிருந்து சொல்வார். கால் கடுத்தவர் யாராவது அதில் சாயப்போனால் தொலைந்தார்.

“பிரபஞ்சத்துமேல உட்காரலாமா? படிச்சவர்தானே நீங்க?”

எதிர்க்கடைத் தையற்காரர் மட்டும் ஒருநாள், “சிலைக்கு அர்த்தம் இருந்தே ஆகணுமா சார்?” என்று கேட்டுத் தொலைத்தார். அவரோடு பேச்சு நின்றது. சட்டைப் பித்தான் அறுந்தபோதும் விளக்கவுரை அந்தக் கடைப் படி ஏறவில்லை. திறந்த மார்போடு விளக்கினார்.

தினமும் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர் மனைவி. மூட்டுவலிக்காரர். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், நிற்கச் சொல்லவில்லை.

“கொஞ்சம் உட்காரட்டுமாங்க?”

“கொஞ்சம் பொறு. இன்னும் காலமே முடியல.”

ஒரு மாலை, அதைச் செய்தவரே வந்தார். பக்கத்து ஊரில் வெல்டிங் பட்டறை நடத்தும் பெண். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?”

“சிலையைப் பாக்குறோம்மா.”

“பாக்குறதுக்கா செஞ்சேன்? எங்கம்மா பஸ்ஸுக்கு நின்னு நின்னே பாதியாயிட்டாங்க. நகராட்சி சிலை கேட்டாங்க. உட்கார்ற மாதிரி ஒரு சிலை செஞ்சு குடுத்தேன். அம்மா முதுகை அளந்துதான் வளைச்சேன்.”

எல்லோரும் விளக்கவுரையைப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை.

“பாவம், சின்னப் பொண்ணு. செஞ்சவங்களுக்குக் கருத்து புரியாதும்மா.”

இதற்குள் அவர் மனைவி உட்கார்ந்துவிட்டார். முதுகு மேட்டில் பொருந்தியது. கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டு, யாரிடம் என்றில்லாமல், “இத்தனை மாசமா இது இங்கதான் இருந்துச்சா?” என்றார்.

விளக்கவுரை அவருடைய கால்களைப் பார்த்தார். பாதம் இரண்டும் வீங்கிச் செருப்பு வாரில் பிதுங்கிக் கிடந்தன. நிலம் அளந்த மனிதர், இதை அளக்கவில்லை. மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு முழு நிமிடம் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பிறகு தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“இப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கறது எதைக் குறிக்குதுன்னா...”

“கால்வலியை” என்றார் மனைவி.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. அந்த ஒரு சொல்லில் நவீன கலை, இல்லறம், நகராட்சி நிர்வாகம் மூன்றுக்கும் குறியீடு இருப்பதாக இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். யாரிடமாவது சொல்ல நாக்கும் துறுதுறுக்கும். சொல்லுங்கள். அதற்கு முன், கேட்கப்போகிறவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.