பன்னோ அங்கிளும் மணல் மூடிய தொகுதியும்

சிட்னியின் வெஸ்ட்மீடில் குடியிருந்துகொண்டு, பன்னோ தொகுதியின் வரலாற்றை நான் கேட்டதே இல்லை என்று ஒரு தமிழர் சொன்னால், ஒன்று அவர் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்கிறார். கறிவேப்பிலை வாங்கப் போனவர்கள் கேட்டிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் மரத்துப்போய் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் கேட்டிருக்கிறான். நடுவில் குறுக்கிட முடியாததால் முழு வரலாறும் கேட்ட ஒரே ஆள் தான்தான் என்று அவன் சொல்லிக்கொள்வான்.

சொன்னவர் பன்னோ அங்கிள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் அதைத் தேடவில்லை. நான் சிட்னிக்கு வந்த புதிதில் ஒரு சிவப்புச் செங்கல் அடுக்கு வீட்டில் கீழ்த்தளத்தில் குடியேறினேன். மாடியில் அவரும் அவர் மனைவி அன்ரியும். யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் அரசாங்க உத்தியோகம், இங்கே வந்தபின் ஒரு மருத்துவமனைக் களஞ்சியத்தில் வேலை, அப்புறம் ஓய்வு. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போன ஒரு மாலையில்தான் என்னைப் பிடித்தார்.

"தம்பி தமிழ்நாடோ?"

"ஆமா அங்கிள்."

"உங்கட பக்கத்தில, சனமே இல்லாத ஊருக்கு எம்.பி. இருக்கிறாரோ?"

எம்.பி. ஊரில் இல்லாத தொகுதிகள் உண்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை. தொட்டியின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

அயர்லாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில், வெக்ஸ்போர்ட் மாவட்டத்தில், பன்னோ என்று ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. கடல் மணல் வந்து துறைமுகத்தை அடைத்தது. பிறகு தெருக்களை மூடியது. பிறகு வீடுகளை மூடியது. கடைசியில் பாழடைந்த ஒரு தேவாலயமும், கதை சொல்கிறவர்களை நம்பினால் ஒரு புகைபோக்கியும்தான் மிச்சம். ஆனால் டப்ளினில் இருந்த பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமையை மணலால் மூட முடியவில்லை. அந்தப் பக்கத்துப் பிரபு கைகாட்டிய இருவர், தலைமுறை தலைமுறையாகப் பன்னோவின் பிரதிநிதிகளாகப் போய் உட்கார்ந்தார்கள். ஒரு வாக்காளரின் வீட்டுக் கதவையும் அவர்கள் தட்ட வேண்டியிருக்கவில்லை, கதவே இல்லையே. அந்தப் பாராளுமன்றத்தை லண்டனோடு சேர்த்தபோதுதான் தொகுதியை ஒழித்தார்கள். அப்போதும் பிரபுவுக்கு நஷ்டஈடு கிடைத்தது.

இவ்வளவுதான் வரலாறு. நான் இங்கே ஒரு பத்தியில் முடித்துவிட்டேன். அங்கிள் சொன்னால், அடுப்பில் ஏற்றிய பருப்பு குழைந்து, கருகி, புகை எச்சரிக்கை மணி அடிக்கும். என் வீட்டில் அடித்தது.

அங்கிள் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், வேலை கிடைக்காமல், ஹீட்டர் இருக்கிறது என்பதற்காக நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தபோது ஏதோ ஒரு பழைய புத்தகத்தில் பன்னோவைப் படித்தாராம். அன்று பிடித்தது. கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்தச் சொன்னால், பன்னோவைப் போல ஆகிவிடாமல் வீட்டில் பிள்ளைகள் நிறைய இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். புதுமனை புகுவிழாவுக்குப் போய், கட்டடத்துக்கு அடியில் என்ன மண் என்று வீட்டுக்காரரை விசாரித்தார். அந்த மனிதர் மறுநாளே ஒரு பொறியாளரைக் கூப்பிட்டதாகக் கேள்வி. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் பேச அழைத்தார்கள். பரிசு வாங்க மேடை ஓரத்தில் வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்துவிட்டார்கள். அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பள்ளி யாரையும் பேச அழைப்பதில்லை.

அன்ரி இதையெல்லாம் எப்படித் தாங்கினார் என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் தாங்கவில்லை, எழுந்து போய்விடுவார். "வெக்ஸ்போர்ட்" என்ற சொல் காதில் விழுந்ததும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் சமையல் அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணம் பன்னோதான் என்பது என் கருத்து.

நிலைமை இப்படி இருக்கையில் எங்கள் தொகுதிக்கே ஆபத்து வந்தது.

தொகுதி மறுவரையறை என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இப்போது புதிய சொல் அல்ல. இங்கே அது சில வருடங்களுக்கு ஒருமுறை அமைதியாக நடக்கும். மக்கள்தொகையைப் பார்த்து எல்லைகளை நகர்த்துவார்கள். சில சமயம் ஒரு தொகுதியையே எடுத்துவிடுவார்கள். அந்த முறை எடுக்கப்போவதாக அறிவித்தது எங்களுடையதை. எங்கள் தெருவின் இந்தப் பக்கம் ஒரு தொகுதிக்கும், எதிர்ப்பக்கம் இன்னொரு தொகுதிக்கும் போகும். தெருவில் ஒருவருக்கும் கவலை இல்லை. பலருக்குத் தாங்கள் எந்தத் தொகுதி என்றே தெரியாது. எனக்கும் தெரியாது. நான் அப்போது குடியுரிமைகூட வாங்கியிருக்கவில்லை.

அங்கிள் மூன்று வேளையும் அதையே பேசினார். வீடு வீடாகப் போய் ஆட்சேபம் தெரிவிக்கச் சொன்னார். எதிர் வீட்டு லெபனான்காரர் தன் வேலித் தகராறு பற்றி என்று நினைத்துக்கொண்டு உடனே ஒப்புக்கொண்டார், விஷயம் புரிந்ததும் விலகிக்கொண்டார். கடைசியில் பொது விசாரணையில் நேரில் பேச அங்கிளுக்கு மட்டும் சில நிமிடங்கள் கிடைத்தன.

காரோட்ட என்னை அழைத்தார். அன்ரியும் வந்தார். அங்கிள் நாப்தலீன் வாசனையடிக்கும் கோட்டும் டையும் அணிந்திருந்தார். வழி முழுக்க அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. பன்னோவைப் பற்றி மட்டும் பேசிவிடாதீர்கள் என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பன்னோ இல்லாமல் எப்படி விளங்கும் என்று கேட்டார்.

மண்டபத்தில் நீண்ட மேசைக்குப் பின்னால் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை வகித்த அம்மையார் முகத்தில் நல்ல பொறுமை. முன்னால் பேசியவர்கள் எல்லாம் வரைபடமும் கணக்கும் காட்டினார்கள். ஒரு கிரிக்கெட் கிளப்காரர் மைதானம் ஒரு தொகுதியிலும் கழிப்பறை இன்னொரு தொகுதியிலும் வருவதைச் சுட்டிக்காட்டினார். அது எடுபட்டது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

பிறகு அங்கிள் எழுந்தார். நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக, வெக்ஸ்போர்ட் மாவட்டத்திலிருந்து தொடங்கினார். குறிப்பெடுப்பவர் பன்னோவுக்கு எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டினார். மணல் வந்தது. துறைமுகம் அடைபட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தெருக்கள் மூடின. தேவாலயம், புகைபோக்கி, பிரபு. தலைமை அம்மையார் குறுக்கிட்டு, நீங்கள் இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அதற்குத்தான் வருகிறேன் அம்மா என்றார் அங்கிள். பிரபுவின் நஷ்டஈட்டுக்கு வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. மிகவும் சுவாரஸ்யமாக இருந்தது, நன்றி என்றார்கள். எங்கள் தொகுதியின் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அவர் உடனே உட்காரவில்லை. அடுத்துப் பேச வேண்டியவர் வந்து பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். நான் போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் அன்ரி இடியப்பமும் சம்பலும் எடுத்து எங்கள் இருவர் கையிலும் கொடுத்தார். அங்கிள் சாப்பிடவில்லை. தட்டைக் காரின் மேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"நான் ஊரில ஒருக்கா வாக்குச்சாவடிக்குப் பொறுப்பா இருந்தனான் தம்பி. சண்டைக் காலம். அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து போயிட்டுது. ஆனா தேர்தல் நடக்கவேணும் எண்டு உத்தரவு. விடிய இருந்து பின்னேரம் வரைக்கும் பள்ளிக்கூடத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தன். ஒருத்தரும் வரேல்லை. வெறும் பெட்டிக்கு அரக்குச் சீல் வைச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினன். அந்த மாவட்டத்துக்கும் எம்.பி.மார் வந்தினம், பாராளுமன்றத்தில போய் இருந்தினம்."

அன்ரி காரின் மேலிருந்த தட்டை எடுத்து மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்.

"அங்க சனமில்லை, தொகுதி இருந்தது. இஞ்ச சனம் இருக்கு, தொகுதியை எடுக்கினம். இதைத்தான் நான் உள்ளுக்குச் சொல்ல வந்தனான். சொல்லேலாமப் போச்சு."

மண்டபத்தில் சொல்லியிருந்தால் அந்த நீண்ட மேசையே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். கேட்டதென்னவோ நாங்கள் இரண்டு பேரும், பக்கத்துக் காரில் இருந்த ஒரு நாயும்.

தொகுதி போய்விட்டது. கிரிக்கெட் கிளப்பின் கழிப்பறை மட்டும் காப்பாற்றப்பட்டது.

அதோடு அங்கிள் பன்னோவை நிறுத்திவிட்டார். முதலில் எல்லோரும் நிம்மதியாகச் சாமான் வாங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சப்பட ஆரம்பித்தார்கள். அவர் கடைக்கு வருவார், பால் எடுப்பார், பேசாமல் நிற்பார், போவார். அவரைக் கண்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கடைக்காரர், அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார். கோயிலுக்குப் போக மேய்ஸ் ஹில்லுக்கு நான் காரில் கூட்டிப்போகும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வருவார். கண்ணாடியில் பார்ப்பேன். எதையும் பார்க்காத கண்.

ஒருநாள் அன்ரி படியிறங்கி வந்து என் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, ஒருக்கா அவரிட்டப் பன்னோவைப் பற்றிக் கேளுங்கோவன்."

இருபது வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்ட பெண்மணி இதைக் கேட்டார். நான் மேலே போய்க் கேட்டேன். உண்மையான ஆர்வத்தோடு, வெக்ஸ்போர்ட் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டேன்.

"அதில என்ன இருக்குத் தம்பி," என்றார். "மண்." தொலைக்காட்சியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

அடுத்த தேர்தல் வந்தது. அதற்குள் நான் குடிமகனாகியிருந்தேன். இங்கே வாக்களிக்காவிட்டால் அபராதம். மூவரும் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போனோம். புதிய தொகுதி, புதிய பெயர். பள்ளி வாசலில் பெற்றோர் சங்கத்தார் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசை வளைந்து வளைந்து ஊஞ்சல் வரைக்கும் நின்றது. அங்கிள் தலையைக் குனிந்து, தண்டனை வாங்க வந்தவர் போல நின்றார். அன்ரி அவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விலை கேட்பதைப் போல சாதாரணமாகக் கேட்டார்:

"இஞ்சருங்கோ. அந்தப் பன்னோவில மண் மூடேக்க, இருந்த சனம் எங்க போனது?"

அங்கிள் திரும்பினார். பிரபு யார், அவர் மருமகன் யார், கடைசி உறுப்பினர்கள் யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இத்தனை வருடத்தில் ஊர்ச்சனம் எங்கே போனது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியாது," என்றார். வரிசை நகர்ந்தது. அவர் நகர மறந்து நின்றார். அன்ரி கையைப் பிடித்து இழுத்தார்.

நான் அப்போது கொஞ்சம் பயந்துதான் போனேன். ஒரு மனிதரின் வாழ்நாள் விஷயத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தால் என்ன ஆவது? மறுநாளிலிருந்து அவர் காலையில் நூலகத்துக்குக் கிளம்பிப் போவதை மட்டும் ஜன்னல் வழியே பார்த்தேன்.

சில வாரம் கழித்து, சுள்ளென்று வெயிலடித்த ஒரு சனிக்கிழமை, ஐஸ்கிரீம் டப்பாவோடு கடையிலிருந்து வெளியே வந்தேன். அங்கிள் என் கார்க் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இளைத்திருந்தார்.

"ஒரே நாளில மூடேல்லைத் தம்பி. வருசக்கணக்கா மெல்ல மெல்ல மூடியிருக்கு. கடற்கரை வீடு முதல்ல போயிருக்கும், பிறகு அடுத்த வீடு. ஒவ்வொரு குடும்பமா அயலூருகளுக்கு எழும்பிப் போயிருக்கும். எங்க போனதெண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. எம்.பி.மாரை எழுதி வைச்சிருக்கினம், சனத்தை எழுதேல்லை. எப்படியும் ஆரோ ஒராள் கடைசியாப் போயிருக்கவேணும், என்ன? அந்தாள் கதவைப் பூட்டிப்போட்டுப் போயிருக்குமோ?"

எனக்குத் தெரியவில்லை அங்கிள் என்றேன்.

"எனக்கும் தெரியாது. அதைத்தான் யோசிக்கிறன். இஞ்ச பாரும், அந்தத் துறைமுகம் இருக்கே..."

டப்பாவின் அடியிலிருந்து ஐஸ்கிரீம் சொட்டி என் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது. கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நிழலாக ஒரு இடம் பார்த்து அவரை நிற்கச் சொன்னேன்.