ஆள் விழாத படம்

மனிதக் காலடி படாத மண்ணைத் தேடி விமானம் ஏறுகிறவன் என்று ஓர் இனம் உண்டு, ஐயா. அலாஸ்காவின் வடகோடியில் அவனை மேய்த்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. பாதையே இல்லாத மலையில் எனக்கு வழிகாட்டி உத்தியோகம்!

அவனை அடையாளம் காண்பது சுலபம். பாரம் குறைக்கவேண்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்கியிருப்பான். கேமராவுக்கு மட்டும் தனி மூட்டை. ஏரியில் இறங்கும் குட்டி விமானத்தில் வந்து குதித்து, அது திரும்பிப் போகும் சத்தம் அடங்குவதற்குள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, இங்கே இதுவரை யாருமே வந்ததில்லை அல்லவா என்று கேட்பான். அப்படியானால் நான் யார்? போன வாரம் அதே இடத்தில் கூடாரம் அடித்தவன். சமைக்கிறவனும் மூட்டை தூக்குகிறவனும் அவன் கணக்கில் ஆளே இல்லை.

இந்தப் பருவத்தில் வந்த ப்ரென்ட் அந்த இனத்தின் அசல் வித்து. புல்மொத்தைகளில் தடுக்கித் தடுக்கி, சேற்றில் விழுந்து, வழியெல்லாம் தனிமையின் மகிமையை எனக்கு உபதேசித்துக்கொண்டே ஆற்றங்கரைக்கு வந்தால், அங்கே என் கொழுந்தியாள் பெர்னிஸ் குடும்பத்தோடு காரிபூ மான்களுக்காகப் பதுங்கியிருந்தாள். பனிக்காலம் முழுக்க அவர்களுக்குக் கறி அதுதான். ப்ரென்டின் முகம் தொங்கிவிட்டது. இவர்களை யார் இங்கே விட்டது என்று என்னிடம் முணுமுணுத்தான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே வருகிறார்கள் என்றேன். காதில் ஏறினால்தானே?

எதிர்க்கரை மேட்டில் முதல் மான்கள் தலை காட்டின. முதலில் வருகிறவற்றை இங்கே யாரும் சுடமாட்டார்கள், அவை ஆற்றைத் தாண்டும்வரை தும்மக்கூட மாட்டார்கள்.

"முன்னால வர்றதை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க. அது ஆத்தைத் தாண்டிட்டா, மத்ததெல்லாம் பின்னாலயே வந்துரும்" என்று அவனிடம் கிசுகிசுத்தாள் பெர்னிஸ்.

"சரிங்க. நீங்க எல்லாரும் கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? படத்துல ஆள் விழக்கூடாது."

யாரும் அசையவில்லை. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவர்களைத் தாண்டித் தண்ணீர் விளிம்பிலேயே போய் நின்றுவிட்டான், பாவி! முன்னால் வந்த மான் நின்றது. பார்த்தது. திரும்பியது. அதோடு மலைச்சரிவு முழுவதும் திரும்பிப் போனது.

பெர்னிஸ் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தாள்.

"படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

அந்த மடையன் பெருமையாகக் காட்டினான். அவள் பார்த்துவிட்டு, கறி காயப்போட நட்ட வெறும் கம்புகளைப் பிடுங்கப் போனாள். அந்தப் படம் இப்போது அவன் வரவேற்பறையில் தொங்குகிறதாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன விடுமுறையில் அருவிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களை, "கொஞ்சம் நகருங்கம்மா" என்று எழுப்பிவிட்டு ஒன்று எடுத்தீர்களே, அது நல்லா வந்திருக்கா?