அழித்தாலும் திரும்பி வந்த பிரவுசர்

நீலச் சக்கரம் இன்றைக்கும் திரையில் வந்து உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த அசில்கான், கைப்பையைக்கூட வைக்காமல் அதை அழித்தாள். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டாள்.

பிஷ்கெக்கில் இருந்த அந்த மாவு வியாபாரக் கம்பெனியில் ஒரே ஒரு பிரவுசருக்குத்தான் அனுமதி. நீலச் சக்கரப் படம் போட்ட இன்னொரு பிரவுசருக்குத் தடை. மீறினால் மலைப்பக்கத்து ஊரான நாரினில் இருக்கும் கிடங்குக்கு மாற்றல். அங்கே குளிர்காலத்தில் கண்ணிமைகூட உறைந்துவிடும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். அசில்கான் அந்தப் பிரவுசரை ஒருநாளும் ஏற்றியதில்லை. ஆனால் அவள் அழிக்க அழிக்க அது வந்துகொண்டே இருந்தது.

முதலில் பக்கத்து மேசை பெர்மெத்மேல் சந்தேகம். சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். பெர்மெத்தின் முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து அவள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொரித்த ரொட்டியில் ஒரு துண்டுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அசில்கான் ஆபீசில் எல்லாரையும் திருடராக்குகிறாள் என்ற பேச்சுதான் வந்தது.

அடுத்து, கணினியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். சாப்பிட்டு வருவதற்குள் யாரோ வாய்க்கு வந்த சொல்லையெல்லாம் போட்டுப் பார்த்ததில் அது மொத்தமாக முடங்கிக் கிடந்தது. திறந்துவிட, கணினிப் பிரிவு மெதெர் வந்தான். அதிகம் பேசாதவன். வேலை முடிந்தும் எழுந்து போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தடை பண்ணின பிரவுசர் இங்க ஏறி ஏறி இறங்கியிருக்கே."

"ஏத்தினது நான் இல்லப்பா. இறக்கினது மட்டும்தான் நான்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. நான் மேல சொல்லியாகணும்."

வீட்டுக்குப் போகும் வேனில் நசுங்கிக்கொண்டே அசில்கான் யோசித்தாள். எல்லார் கணினிக்குள்ளும் நுழையத் தெரிந்தவன் யார்? மெதெர். ஆள் பிடித்துக் கொடுத்தால் நல்ல பெயர் வாங்கப்போகிறவன் யார்? அதுவும் மெதெர். இறங்கும் இடம் வருவதற்குள் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

மறுநாள் அவன் மேலே சொல்வதற்கு முன்பே டைரக்டர் ஜூமாபெக்கின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். தடையைக் கொண்டுவந்தவரே அவர்தான். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். நடுவில் தேநீர் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆளைக் கையும் களவுமாப் பிடிக்கணும்மா. அந்தப் பூட்டை எடுத்துடு. சாப்பாட்டு நேரத்துல சீட்டுப் பக்கமே வராத. யார்கிட்டயும் மூச்சு விடாத."

பூட்டை எடுத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. இரண்டு சம்சாவை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டிலேயே காவல் உட்கார்ந்தாள். மெதெர் ஒரு வயரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனான். டைரக்டர்கூட இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். வெளியே போய் நிதானமாகச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். இப்படி ஒரு மேலதிகாரி யாருக்குக் கிடைப்பார் என்று அசில்கானுக்கு நெஞ்சு இளகியது.

அன்றைக்கு நீலச் சக்கரம் வரவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? வயர் விஷயத்தையும் டைரக்டரிடம் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார். மாலைக்குள் மெதெருக்கு நாரின் மாற்றல் கைக்கு வந்துவிட்டது.

"நான் என்னக்கா பண்ணினேன்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் தேநீர் கொண்டுவந்த பூரூல், கோப்பையை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்காவது வெளிய போய்ச் சாப்பிடுங்கக்கா, நேத்து நீங்க எழுந்திருக்காம உட்கார்ந்துட்டதுல டைரக்டர் ஐயாவால உங்க கம்ப்யூட்டர்ல அந்த நீலச் சக்கரத்தை ஏத்தி வழக்கமா ஆடுற செஸ் ஆட முடியாம, சாயந்திரம் வரைக்கும் எங்கமேல எரிஞ்சு விழுந்தாரு."